செல்லாத காசில் இருக்கும் முகம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தபாலுறை இருக்கிறது. அதற்குள் பெரு நாட்டின் மூன்று காசுத்தாள்கள். எழுபதுகளில் அச்சான 50 சோல், 100 சோல் தாள்கள் இரண்டு. 1987 ஆம் ஆண்டுத் திகதியிட்ட 500 இன்டி தாள் ஒன்று. மூன்றும் எங்கும் செல்லாது. எந்த வங்கியும் மாற்றித் தராது. நாணயத்தாள் சேகரிப்போரிடம்கூட இவற்றுக்குப் பெரிய மதிப்பில்லை. பணவீக்க காலத்தில் கட்டுக்கட்டாக அச்சாகி, கசங்குவதற்கு முன்னரே பெறுமதி இழந்த தாள்கள் என்பதால், புத்தம்புதிய தாளே ஒரு தேநீர் விலைக்குக் கிடைத்துவிடும்.

மூன்று தாள்களிலும் இருப்பது ஒரே மனிதர். அகன்ற விளிம்புத் தொப்பி, தோளில் விழும் நீண்ட தலைமுடி, நேராகப் பார்க்கும் கண்கள். 50 சோல் தாளின் பின்புறத்தில் தின்தா என்ற மலையூரின் காட்சி. 100 சோல் தாளின் பின்புறத்தில் மச்சு பிச்சு. 500 இன்டி தாளின் பின்புறத்தில் பனிமலையும் அதில் ஏறும் ஒருவரும். முன்புறத்தில் எப்போதும் அவர்தான்: துபாக் அமாரு.

இந்தத் தாள்களை நான் வாங்கியது அழகுக்காகத்தான். தென்னமெரிக்க நாடுகளின் கைவிடப்பட்ட தாள்களில் அந்த நாடுகளின் கோவில்களும் மலைகளும் வீரர்களும் நெருக்கமான கோடுகளில் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் தாளில் இருக்கும் இந்த மனிதரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விடயம் என்னை நிறுத்திவிட்டது. இது அவருடைய முகம் அல்ல. அவருடைய உண்மையான முகம் இன்று எவருக்கும் தெரியாது.

பெரியம்மாவின் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. 2009 க்குப் பிறகு முகாமிலிருந்து வெளியே வந்தபோது, ஆல்பங்கள் எல்லாம் வன்னி மண்ணில் எங்கோ போய்விட்டன. அவரின் காசுப்பைக்குள் மிஞ்சியிருந்தது அண்ணாவின் அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம் மட்டும்தான். அதை ஸ்ரூடியோக்காரர் பெருப்பித்து, கீழே ஒரு கோட்டும் கழுத்துப்பட்டியும் பொருத்திக் கொடுத்தார். அண்ணா வாழ்நாளில் கோட் போட்டதில்லை. எங்கள் ஊர்களில் இப்படிப் படங்கள் உள்ள வீடுகள் நிறைய உண்டு. அதனால்தானோ என்னவோ, ஒரு நாட்டின் காசில் அச்சிட்ட முகமே கற்பனை என்று அறிந்தபோது, அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்த உண்மையான மனிதர் யார் என்று தேடாமல் இருக்க முடியவில்லை.

கோவேறு கழுதைகளின் முதலாளி

அவரின் இயற்பெயர் ஹோசே கப்ரியேல் கொன்டோர்கான்கி. 1738 இல், குஸ்கோ நகரத்துக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவே உள்ள சுரிமானா என்ற ஊரில் பிறந்தார். அப்போது பெரு ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொன்டோர்கான்கி குடும்பம் பரம்பரையாக ஊர்த்தலைமை வகித்தது. இந்தத் தலைவர்களைக் குராக்கா என்பார்கள். சுரிமானா, பம்பமார்க்கா, துங்கசூகா ஆகிய மூன்று ஊர்களும் அவர்களுக்குக் கீழ் இருந்தன. குராக்காவின் வேலை இலேசானதல்ல. தன் மக்களிடம் வரியை வசூலித்து ஸ்பானிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். கட்டாய வேலைக்கு ஆட்களை எண்ணி அனுப்ப வேண்டும். அதேநேரம், அந்த மக்களுக்கு அநியாயம் நடந்தால் அவர்களுக்காகக் கதைக்கவும் வேண்டும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே நேரத்தில் குறை சொல்லும் பதவி.

சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். ஊர்ப் பாதிரியார்கள் எழுத்தறிவித்தார்கள். பிறகு குஸ்கோவில் குராக்காக்களின் பிள்ளைகளுக்காக இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்தார். ஸ்பானிய மொழி, கொஞ்சம் இலத்தீன், கத்தோலிக்க சமயம் எல்லாம் அங்கே வந்தன. வீட்டில் பேசியது கெச்சுவா. கடைசிவரை அவர் பக்தியுள்ள கத்தோலிக்கராகவே இருந்தார். இது பின்னர் அவருடைய போக்கையே தீர்மானித்தது.

1760 இல் மிக்காயேலா பஸ்திடாஸ் என்ற பெண்ணை மணந்தார். இப்பொலிட்டோ, மரியானோ, பெர்னாண்டோ என்று மூன்று ஆண் பிள்ளைகள். குடும்பத் தொழில் சரக்குப் போக்குவரத்து. 350 கோவேறு கழுதைகள் வரை அவரிடம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. குஸ்கோவிலிருந்து இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி வரை சரக்கு ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் தொழில் என்பதால், வழியெங்கும் ஆட்களைத் தெரியும். அவர்களுடைய கஷ்டமும் தெரியும். பின்னாளில் ஒரு செய்தி மலை தாண்டிப் பரவ வேண்டி வந்தபோது, அது இந்தக் கழுதைப் பாதைகளில்தான் பரவியது.

துபாக் அமாரு என்பது அவர் எடுத்துக்கொண்ட பெயர். 1572 இல் குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் ஸ்பானியர் தலையை வெட்டிக் கொன்ற கடைசி இன்கா மன்னரின் பெயர் அது. அந்த மன்னரின் மகள் வழியில் வந்தவர் தான் என்பது ஹோசே கப்ரியேலின் வாதம். அந்த உரிமையை நிலைநாட்ட லீமாவில் ஆண்டுக்கணக்கில் வழக்கும் நடத்தினார். வழக்கு முடிவுக்கு வரவே இல்லை.

மனுவோடு போனவர்

அவரைப் போராளியாக மட்டும் அறிந்தவர்கள் மறந்துவிடும் ஒரு பகுதி இது. ஆயுதம் எடுப்பதற்கு முன் அவர் மனுக் கொடுத்தார்.

அன்றைய மக்களின் முதுகில் மூன்று சுமைகள் இருந்தன. முதலாவது, மிட்டா எனப்பட்ட கட்டாய உழைப்பு. முறை வரும்போது, ஊரின் ஆண்களில் ஏழில் ஒருவர் பொத்தோசியின் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் நடை. மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. இரண்டாவது, ரெபார்த்தோ எனப்பட்ட கட்டாய விற்பனை. கொரெஹிதோர் எனப்படும் மாவட்ட அதிகாரி, கழுதையும் துணியும் இன்னும் வேண்டாத பொருட்களும் கொண்டுவந்து, தான் வைத்த விலைக்கு வாங்கச் சொல்வார். வாங்காமல் இருக்க முடியாது. கடனைக் கட்டாவிட்டால் சிறை. மூன்றாவது, விற்பனை வரி. 1772 இல் 4 வீதமாகவும் 1776 இல் 6 வீதமாகவும் அது உயர்ந்தது. அதே 1776 இல் புதிய நிர்வாகப் பிரிவொன்று உருவாகி, பொத்தோசி லீமாவின் கையிலிருந்து புவனோஸ் அயர்ஸின் கீழ் போனது. குஸ்கோ வியாபாரிகளின் பழைய பாதையே அடிபட்டது. ஹோசே கப்ரியேலின் தொழிலும் அதில் அடிபட்டது.

1777 இல் லீமாவுக்குப் போனார். தன் ஊர் மக்களை மிட்டாவிலிருந்து விடுவிக்கும்படி அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார். ஊர்களில் ஆள் குறைந்துவிட்டது, போகிறவர்கள் திரும்புவதில்லை, பயிர் செய்ய ஆளில்லை என்று காரணங்களை அடுக்கினார். மாதக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மனு ஏற்கப்படவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அலுவலக வாசல்களில் கோப்போடு காத்திருந்து பழகிய எங்கள் வாசகர்களுக்கு அந்தத் திரும்பும் பயணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நவம்பர் 1780

தின்தா மாவட்டத்தின் கொரெஹிதோராக இருந்தவர் அந்தோனியோ டி அர்ரியாகா. கட்டாய விற்பனையில் கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர். 1780 நவம்பர் 4, ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸின் பெயர்த் திருநாள். அன்று யானவோக்கா ஊர்ப் பாதிரியார் வீட்டு விருந்தில் அர்ரியாகாவும் ஹோசே கப்ரியேலும் ஒன்றாக உணவருந்தினார்கள். திரும்பும் வழியில் ஹோசே கப்ரியேல் அவரைச் சிறைப்பிடித்தார். அர்ரியாகாவின் கையாலேயே கடிதங்கள் எழுதுவித்து, பணமும் ஆயுதங்களும் துங்கசூகாவுக்கு வரவழைத்தார். மாவட்ட மக்களும் அங்கே கூடும்படி அழைக்கப்பட்டார்கள்.

நவம்பர் 10 ஆம் திகதி ஊர்ச் சதுக்கத்தில் அர்ரியாகா தூக்கிலிடப்பட்டார். தூக்குக் கயிற்றை இழுத்தவர் அவரிடமே அடிமையாக இருந்த அந்தோனியோ ஒப்லித்தாஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், திரும்ப வரும். தண்டனை மன்னரின் பெயராலேயே அறிவிக்கப்பட்டது. தான் மன்னருக்கு எதிரானவன் அல்ல, கெட்ட அதிகாரிகளுக்கே எதிரானவன் என்பதுதான் ஹோசே கப்ரியேலின் தொடக்க நிலை. அவர் அதை உண்மையில் நம்பினாரா, மக்களைத் திரட்ட ஒரு வழியாகக் கொண்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அடுத்த நாட்களில் துணி நெய்யும் கட்டாய உழைப்புக் கூடங்களைத் திறந்து, அங்கிருந்த துணிகளை மக்களுக்குக் கொடுத்தார். நவம்பர் 16 ஆம் திகதி தன்னோடு சேரும் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

எரிந்த தேவாலயம்

நவம்பர் 18 ஆம் திகதி சங்கராரா என்ற ஊரில் முதல் பெரிய மோதல். குஸ்கோவிலிருந்து வந்த படை ஊர்த் தேவாலயத்துக்குள் புகுந்துகொண்டது. உள்ளே வெடிமருந்து வெடித்தது. கூரை எரிந்து விழுந்தது. 500 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போரில் அது கிளர்ச்சியாளரின் வெற்றி. ஆனால் அந்த வெற்றியே அவர் கழுத்தில் சுருக்காக விழுந்தது. குஸ்கோ ஆயர் மொஸ்கோசோ, தேவாலயத்தை எரித்தவர் என்று அறிவித்து அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஆணை ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பக்தியுள்ள மக்கள் தயங்கினார்கள். பக்தியுள்ள அவரும் அதிர்ந்தார்.

இந்த இடத்தில் மிக்காயேலாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர் துங்கசூகாவில் இருந்து முழுப் பின்னணியையும் நடத்தினார். உணவு, ஆயுதம், ஆட்சேர்ப்பு, வழிப்பயண அனுமதிச் சீட்டு, உளவு எல்லாம் அவர் கையில். எழுத்தர்களைக் கொண்டு எழுதுவித்த அவருடைய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. டிசம்பர் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் கணவர்மேல் கோபம் கொட்டுகிறது. குஸ்கோவைப் பிடிக்காமல் தெற்கு ஊர்களில் காலத்தைக் கழிக்கிறீர்கள், ஆட்கள் சலித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், எதிரிக்கு நேரம் கிடைக்கிறது, எங்கள் உயிர் பற்றி உங்களுக்கு அக்கறை இல்லையா என்பதே அதன் சாரம். படித்தபோது, தாளில் இருக்கும் சிலை போன்ற முகத்துக்குப் பின்னால் ஒரு வீடு திறந்தது போல இருந்தது.

அவர் சொன்னது சரியாகப் போனது. டிசம்பர் 28 ஆம் திகதி பல்லாயிரம் பேருடன் ஹோசே கப்ரியேல் குஸ்கோவைச் சூழ்ந்தபோது நகரம் தயாராக இருந்தது. அதைக் காத்தவர்களில் பெரும்பங்கினர் ஸ்பானியர் அல்லர். வேறு குராக்காக்களின் கீழ் வந்த கெச்சுவா மக்களே. அவர்களில் முதன்மையானவர் மத்தேயோ பூமாகாவா. தன் இனத்தவரையே முன்வரிசையில் நிறுத்தி வைத்திருந்த நகரத்தைத் தாக்கத் துபாக் அமாரு தயங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். உணவு தீர்ந்தது, லீமாவிலிருந்து உதவிப்படை வந்தது என்று வேறு சிலர். 1781 ஜனவரி 10 ஆம் திகதி முற்றுகை கைவிடப்பட்டது. ஸ்பானியரைக் காத்த அதே பூமாகாவா, 1814 இல் தானே கிளர்ச்சியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு அதே ஸ்பானியரால் கொல்லப்பட்டார் என்பது தனிக்கதை.

மே 18

ஏப்ரல் 6 ஆம் திகதி லங்கி என்ற ஊரில் தன் ஆட்களில் ஒருவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். மிக்காயேலாவும் பிள்ளைகள் இப்பொலிட்டோவும் பெர்னாண்டோவும் பிடிபட்டார்கள். மரியானோ தப்பினார். குஸ்கோவில் விசாரணை நடத்தியவர் மன்னரின் சிறப்புப் பிரதிநிதி அரேச்சே. கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டு வதைத்தார்கள். அதில் அவரின் கை உடைந்தது. குற்றவாளிகள் இருவர்தான், மக்களை ஒடுக்கிய நீரும் அவர்களை விடுவிக்க முயன்ற நானும் என்று அரேச்சேயிடம் அவர் பதில் சொன்னதாக ஒரு மரபு வழங்குகிறது. பெயர்கள் வரவில்லை.

1781 மே 18 ஆம் திகதி, முதல் துபாக் அமாரு கொல்லப்பட்ட அதே சதுக்கத்தில் தண்டனை நிறைவேறியது. விவரங்களை நீட்ட நான் விரும்பவில்லை. வாசிப்பவர்களில் பலர் இவற்றைவிடக் கொடியதைக் கண்டவர்கள். ஒழுங்கை மட்டும் சொல்கிறேன். தூக்குக் கயிற்றை இழுத்த ஒப்லித்தாஸ் கொல்லப்பட்டார். அக்கோஸ் ஊரின் பெண் குராக்கா தொமாசா தித்தோ கொன்டெமாய்த்தா கொல்லப்பட்டார். மூத்த மகன் இப்பொலிட்டோ கொல்லப்பட்டார். மிக்காயேலா கொல்லப்பட்டார். இவை எல்லாவற்றையும் பார்க்கவைத்த பிறகே ஹோசே கப்ரியேலின் முறை. நாவை அறுத்தார்கள். நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். குதிரைகளால் முடியவில்லை. பிறகு தலையை வெட்டினார்கள். கடைசி மகன் பெர்னாண்டோவை அருகே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் 1768 இல் பிறந்தவன். நண்பகலில் திடீரென்று காற்றும் மழையும் வந்ததாகவும், வானமும் இதற்கு வருந்துகிறது என்று மக்கள் பேசிக்கொண்டதாகவும் அக்காலப் பதிவொன்று சொல்கிறது.

தலை தின்தாவுக்கு. ஒரு கை துங்கசூகாவுக்கு, மற்றது கராபாயாவுக்கு. ஒரு கால் லிவித்தாக்காவுக்கு, மற்றது சாந்தா ரோசாவுக்கு. மிஞ்சியதை நகரத்துக்கு மேலே உள்ள குன்றில் எரித்துச் சாம்பலை வீசினார்கள். கல்லறை என்று ஒன்று இல்லை. என்னிடம் உள்ள 50 சோல் தாளின் பின்புறத்தில் அழகாகத் தெரியும் தின்தா, அவருடைய தலையைக் கம்பத்தில் ஏற்றி வைத்த ஊர்.

முகத்துக்கும் தண்டனை

அரேச்சே மே 15 ஆம் திகதி ஒப்பமிட்ட தீர்ப்பு ஒரு மனிதரைக் கொல்வதோடு நிற்கவில்லை. வீட்டை இடித்து நிலத்தில் உப்புத் தூவ வேண்டும். உறவினரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்கா உடைகளை அணியக்கூடாது. இன்கா பிரபுக்களின் வீடுகளில் மாட்டியிருந்த முன்னோர் உருவப்படங்களை அழிக்க வேண்டும். சங்கு ஊதக்கூடாது. பழைய மன்னர்களின் நினைவைச் சொல்லும் நாடகங்களை நடத்தக்கூடாது. மக்கள் ஸ்பானிய மொழிக்கு மாற வேண்டும். கெச்சுவா கைவிடப்பட வேண்டும். இறந்த இன்காக்களுக்காகக் கறுப்புத் துணி அணிந்து துக்கம் காப்பதும் குற்றம்.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். ஆட்சியாளர்கள் துப்பாக்கிக்கு அடுத்தபடி எதற்கு அஞ்சினார்கள் என்பது அந்த ஆணையிலேயே எழுதியிருக்கிறது: சுவரில் உள்ள படம், வாயில் உள்ள மொழி, உடலில் உள்ள துக்கத்துணி.

தூக்குக் கயிற்றை இழுத்த ஒப்லித்தாஸ் ஒரு ஓவியரும்கூட. கிளர்ச்சி நாட்களில் துபாக் அமாருவின் உருவத்தை அவர் தீட்டினார் என்று பதிவுகள் சொல்கின்றன. ஓவியமும் அழிந்தது, ஓவியரும் அழிந்தார். அவர் உயிரோடிருந்தபோது தீட்டியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் படம் ஒன்றும் இன்று இல்லை. நீண்ட தலைமுடி, கறுப்பு வெல்வெட் மேலங்கி என்று கண்டவர்கள் எழுதிவைத்த சில வரிகள் மட்டுமே மிச்சம்.

கிளர்ச்சி அதோடு முடியவில்லை. உறவினர் டியேகோ கிறிஸ்டோபல் தொடர்ந்தார். பொதுமன்னிப்பை நம்பி 1782 இல் ஆயுதத்தை வைத்தார். 1783 இல் அவரையும் கொன்றார்கள். தெற்கே துபாக் கத்தாரி என்பவர் லாபாஸ் நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். மொத்தத்தில் ஒரு இலட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர் கேட்டவற்றில் சில, அவர் இறந்தபின் அமைதியாக நிறைவேறின. கட்டாய விற்பனை ஒழிந்தது. கொரெஹிதோர் பதவியும் போனது. குஸ்கோவுக்கென்று மேல்நீதிமன்றம் 1787 இல் வந்தது. மிட்டா 1812 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

சதுக்கத்தில் நின்ற சிறுவன் பெர்னாண்டோவை ஸ்பெயினுக்கு நாடு கடத்தினார்கள். அவனை ஏற்றிய கப்பல் 1786 இல் போர்த்துக்கல் கரையில் உடைந்தது. அவன் தப்பினான். ஸ்பெயினில் சிறையிலும் கண்காணிப்பிலும் வளர்ந்து, 1798 இல் மாட்ரிட்டில், ஊரைத் திரும்பப் பார்க்காமலே இறந்தான். தப்பிய மரியானோவும் பின்னர் பிடிபட்டு, நாடுகடத்தும் வழியில் இறந்தார். ஹோசே கப்ரியேலின் தம்பி முறையான ஹுவான் பவுடிஸ்டா மட்டும் நாற்பது ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு, 1822 இல், கிழவராகப் புவனோஸ் அயர்ஸ் வந்து சேர்ந்தார். தன் நினைவுகளை எழுதினார். 1827 இல் அங்கேயே இறந்தார். ஒரே வீட்டிலிருந்து வந்து, அண்ணனின் முகத்தைக் கண்ணால் கண்டிருந்த ஒருவர் அவரோடு போனார்.

தேவைக்கு ஒரு முகம்

1968 இல் ஜெனரல் வெலாஸ்கோ அல்வராடோ பெருவில் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தார். 1969 ஜூன் 24 ஆம் திகதி நிலச் சீர்திருத்தத்தை அறிவித்தபோது, உழவரின் வறுமையை இனி முதலாளி உண்ணமாட்டான் என்ற பொருள்பட, துபாக் அமாருவின் வாக்கு என்று சொல்லி உரையை முடித்தார். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஆனால் அந்த வாக்கு சுவரெங்கும் ஏறியது. கூடவே ஒரு முகமும் ஏறியது. அகன்ற தொப்பி, நீண்ட முடி. சுவரொட்டி, புத்தகம், கடைசியில் காசு. ஜனாதிபதி மாளிகையில், பெருவைக் கைப்பற்றிய பிஸாரோவின் பெயரில் இருந்த மண்டபம் துபாக் அமாரு மண்டபம் ஆனது. 1975 இல் கெச்சுவா ஆட்சிமொழிகளில் ஒன்றானது. தீர்ப்பு அழிக்கச் சொன்ன மொழியும் முகமும் அரசின் முத்திரையோடு திரும்பி வந்தன. இதைச் சிறிய விடயம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் காசு நிலைக்கவில்லை. 1985 இல் ஆயிரம் சோலுக்கு ஒன்று என்று இன்டி என்ற புதிய நாணயம் வந்தது. கெச்சுவாவில் இன்டி என்றால் சூரியன். 1990 இல் பணவீக்கம் ஆண்டுக்கு 7,000 வீதத்தைத் தாண்டியது. 50 இலட்சம் இன்டி தாள்வரை அச்சிட்டார்கள். 1991 இல் பத்து இலட்சம் இன்டிக்கு ஒன்று என்று மறுபடியும் புதிய நாணயம். அந்தக் கணக்கில், துபாக் அமாருவின் 500 இன்டி தாள் 2,000 சேர்ந்தால்தான் ஒரே ஒரு புதிய சோல். 100 சோல் தாளோ, ஒரு புதிய சோலின் ஒரு கோடியில் ஒரு பங்கு.

அந்த 500 இன்டி தாள் கைமாறிய ஆண்டுகள் பெருவில் போர் ஆண்டுகள். ஒளிரும் பாதை என்ற இயக்கமும் அரசும் மோதின. துபாக் அமாரு புரட்சி இயக்கம் என்று அவர் பெயரையே சூடிய இன்னொரு ஆயுத இயக்கமும் இருந்தது. அரசின் காசில் அவர் முகம். அரசை எதிர்த்தவர்களின் கொடியிலும் அவர் முகம். 2003 இல் வெளியான பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, 1980 முதல் 2000 வரை கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் 69,280 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவாவையோ வேறு பூர்வீக மொழியையோ தாய்மொழியாகப் பேசியவர்கள். இரு தரப்பும் அவர்களைக் கொன்றன. அவர் பெயரும் முகமும் எல்லோரிடமும் இருந்தன. அவர் மொழி பேசிய ஏழைகளைக் காக்க எவரிடமும் எதுவும் இருக்கவில்லை.

ஊடகக் கற்கைகள் படித்தபோது, ஒரு படம் எப்படிச் சின்னமாகிறது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். சின்னமாகும்போது அந்த மனிதரிடமிருந்து எது கழிகிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை. துபாக் அமாருவிடமிருந்து கழிந்தவை இவை: லீமாவின் அலுவலகப் படிகளில் மனுவோடு நின்ற மாதங்கள். எரிந்த தேவாலயத்தின் பின் வந்த தயக்கம். மனைவியின் கோபக் கடிதம். அவரை எதிர்த்து நின்ற அவருடைய சொந்த மக்கள். கழுதைகளின் கணக்கு. இவை எதையும் ஒரு தாளில் அச்சிட முடியாது. ஆனால் இவைதான் அவர்.

அண்மை ஆண்டுகளில் பெரு வெளியிட்ட புதிய 20 சோல் தாளில் எழுத்தாளர் ஹோசே மரியா அர்கேதாஸ் இருக்கிறார். கெச்சுவா மொழியில் துபாக் அமாருவை நோக்கி ஒரு நீண்ட கவிதை எழுதியவர் அவர். அவருடைய முகத்துக்குப் புகைப்படங்கள் உண்டு.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அந்த 500 இன்டி தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த மனுசனுக்குத் தொப்பி பொருந்தவில்லை என்றார். பிறகு சுவரைப் பார்த்து, இவனுக்கும் கோட் பொருந்தவில்லை என்று சிரித்தார். அண்ணாவுக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததாம். ஸ்ரூடியோக்காரர் அதை அழகாக்கி அழித்துவிட்டாராம். பத்து வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து வந்த தழும்பு. எனக்கு அது இதுவரை தெரியாது.

அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.